ஒஸ்கார் கொப்பியில் இரண்டு நிரல்கள்

"ஹொலிவூட்காரர் தங்களுக்குள்ளே கொடுத்து வாங்குகிற பரிசைப் பற்றி நாங்கள் ஏன் தலையை உடைக்க வேண்டும்?" சினிமா பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். நியாயமான கேள்விதான் சகோதரிகளே. நான் ஒரு சினிமாப் பைத்தியம் என்பது முதலாவது பதில். இரண்டாவது பதிலைச் சொல்லத்தான் இந்த மாதப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் ஒஸ்கார் விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளிவந்ததும் ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு கீறுவேன். இடப்பக்கத்தில் 'வெல்லுவார்' என்றும் வலப்பக்கத்தில் 'வெல்ல வேண்டும்' என்றும் தலைப்பு இடுவேன். இடது நிரலை மூளையாலும் வலது நிரலை மனதாலும் நிரப்புவேன். சில பிரிவுகளில் இரண்டிலும் ஒரே பெயர் வரும். சிலவற்றில் வராது. இரண்டும் வேறுபடுகிற இடங்களில் 'ஏன்?' என்று கேட்கப் பழகினேன். பெரும்பாலும் அதற்கான விடை படத்தில் இருப்பதில்லை, வாக்களிப்பவர்களிடம் இருக்கிறது. பரிசு என்றாலும் பதவி என்றாலும் புலமைப்பரிசில் என்றாலும் யாரோ சிலர் மேசையைச் சுற்றி இருந்து முடிவு செய்கிற உலகத்தில்தானே நாங்களும் வாழ்கிறோம்? அதனால் இது எங்கள் விடயமும்தான்.

வாக்குப் போடுவது யார்?

ஒஸ்காரை வழங்கும் அகடமியில் ஏறத்தாழ 10,000 வாக்காளர்கள் இருக்கிறார்கள். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், உடையலங்காரம் செய்வோர் என எல்லோரும் திரைத்துறையில் வேலை செய்தவர்கள். பெரும்பாலான பிரிவுகளில் அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே பரிந்துரைக்கிறார்கள். இறுதி வாக்கை எல்லோரும் போடலாம்.

2012 இல் 'லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகை இந்த வாக்காளர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியது. அவர்களில் ஏறத்தாழ 94 வீதமானோர் வெள்ளையர், 77 வீதமானோர் ஆண்கள் என்று அது கண்டறிந்தது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே போனபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 2020 ஆம் ஆண்டுக்குள் பெண் உறுப்பினர்களையும் சிறுபான்மை இனத்தவரையும் இரட்டிப்பாக்குவதாக 2016 இல் அகடமி உறுதியளித்தது. அதன் பின்னர் பெண்களின் பங்கு மூன்றிலொன்று அளவுக்கு வந்திருக்கிறது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் இடது நிரலை நிரப்புவது சுகம்.

இயக்குநர் விருது

கணிப்பதற்கு மிக இலகுவான பிரிவு இதுதான். அமெரிக்க இயக்குநர் சங்கம் 1948 முதல் தனியாக ஒரு விருது கொடுத்து வருகிறது. அந்த விருதைப் பெற்றவருக்கு ஒஸ்கார் கிடைக்காமல் போனது 2025 விழா வரை எட்டே எட்டுத் தடவைதான். ஒஸ்காருக்கு முன்னரே அந்த முடிவு வந்துவிடும். ஆகவே சங்கம் யாருக்குக் கொடுத்ததோ அவருடைய பெயரை இடது நிரலில் எழுதிவிடலாம்.

வலது நிரல் அப்படி இலகுவானதல்ல. முதலாவது ஒஸ்கார் விழா 1929 இல் நடந்தது. இயக்குநர் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக வந்தது 1977 இல். அவர் இத்தாலியரான லீனா வேர்ட்முல்லர். அடுத்து 1994 இல் 'த பியானோ' படத்துக்காக நியூசிலாந்தின் ஜேன் கம்பியன், 2004 இல் 'லொஸ்ற் இன் ட்ரான்ஸ்லேஷன்' படத்துக்காக சோபியா கொப்பொலா. மூவருக்கும் அந்த விருது கிடைக்கவில்லை.

2010 இல்தான் அது மாறியது. ஈராக்கில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் படையினரைப் பற்றிய 'த ஹேர்ட் லொக்கர்' படத்தை எடுத்த கத்ரின் பிகலோவும், 'அவதார்' எடுத்த ஜேம்ஸ் கமரூனும் நேருக்கு நேர் நின்றார்கள். இரண்டு படங்களுக்கும் ஒன்பது ஒன்பது பரிந்துரைகள். இருவரும் முன்னாள் கணவன் மனைவி என்பதால் பத்திரிகைகளுக்கு அந்தக் கதையே பெரிதாகப் போய்விட்டது. ஆனால் இயக்குநர் சங்கம் பிகலோவைத் தெரிவு செய்திருந்தது. சங்க விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். அந்த ஆண்டு என் இரண்டு நிரலிலும் ஒரே பெயர். அமெரிக்காவில் மார்ச் 7 ஆம் திகதி இரவு அவர் மேடையேறியபோது எங்கள் நாட்டில் மார்ச் 8 ஆம் திகதி காலை, உலக மகளிர் தினம்!

பிறகு 2021 இல் 'நோமாட்லாண்ட்' படத்துக்காகச் சீனாவில் பிறந்த குளோயி ஜாவோவும், 2022 இல் 'த பவர் ஒவ் த டோக்' படத்துக்காக ஜேன் கம்பியனும் வென்றார்கள். இரண்டு முறையும் சங்கம் முன்கூட்டியே அவர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது. 1929 முதல் 2025 வரையான கணக்கைப் பார்த்தால், இந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட பெண்கள் ஒன்பது பேர், வென்றவர்கள் மூன்று பேர்.

பட்டியலுக்கே வராதவர்கள்

இந்த இடத்தில்தான் என் கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்று முளைத்தது. பட்டியலில் பெயர் இருந்தால்தானே 'வெல்லுவார்', 'வெல்ல வேண்டும்' என்று எழுதலாம்? 2015 இல் 'செல்மா' சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதை இயக்கிய கறுப்பினப் பெண்ணான ஏவா டுவர்னேயின் பெயர் இயக்குநர் பட்டியலில் இல்லை. 2024 இல் 'பார்பி' எட்டுப் பரிந்துரைகளைப் பெற்றது. உலகமே பார்த்த அந்தப் படத்தை எடுத்த கிரேட்டா கேர்விக் திரைக்கதைப் பிரிவில் இருந்தார், இயக்குநர் பிரிவில் இல்லை. ஒளிப்பதிவில் இன்னும் மோசம். ஒரு பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலுக்கு முதன்முதல் வந்தது 2018 இல், 90 ஆவது விழாவில். ரேச்சல் மொரிசன் என்பது அவர் பெயர். தோற்றவர்களைப் பற்றி நாலு பேர் கதைப்பார்கள். பட்டியலுக்கு வராதவரைப் பற்றிக் கதைக்க ஆள் இல்லை.

சிறந்த படம்

இந்தப் பிரிவில் மட்டும் வாக்கு எண்ணும் முறை வேறு. எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு இடுகிறோம் அல்லவா? 2024 செப்டெம்பரில் முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ண வேண்டி வந்தது நினைவிருக்கும். அதைப் போன்றதுதான். உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்துவார்கள். கடைசியாக வந்த படத்தை நீக்கி, அதற்கு விழுந்த வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதிக்கு மேல் பெறும்வரை இப்படியே போகும். இதனால் சிலர் உயிராய் விரும்பி, வேறு சிலர் வெறுக்கிற படம் தோற்கலாம். எல்லோருக்கும் இரண்டாவது, மூன்றாவது இடத்திலாவது பிடித்துப்போன படம் மேலே வரும்.

2022 இல் நடந்தது அதுதான். ஜேன் கம்பியனின் படத்துக்கு 12 பரிந்துரைகள். ஷான் ஹேடர் என்ற பெண் இயக்கிய 'கோடா' படத்துக்கு மூன்றே மூன்று. காது கேளாத மீனவக் குடும்பத்தில் கேட்கும் திறனுள்ள ஒரேயொரு பிள்ளையாகப் பிறந்த பெண்ணின் கதை அது. கடலுக்குப் போக வேண்டும், வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையில் மொழிபெயர்க்க வேண்டும், தன் பாட்டுக் கனவையும் விடக்கூடாது. எங்கள் கரையோரக் கிராமங்களில் பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையை அடையாளம் காட்டுவார்கள். இதே முறையில் வாக்கெண்ணும் தயாரிப்பாளர் சங்கம் 'கோடா'வைத் தெரிவு செய்ததும் இடது நிரலில் அதை எழுதுவதில் தயக்கம் இருக்கவில்லை. மூன்று பரிந்துரைகளிலும் அது வென்றது. கம்பியனின் படத்துக்கு இயக்குநர் விருது ஒன்றுதான். சிறந்த படத்தை எடுத்த ஷான் ஹேடர் சிறந்த இயக்குநர் பட்டியலில் இருக்கவில்லை என்பதையும் மூன்றாவது நிரலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நடிகையின் வயது

நடிகை விருதைக் கணிக்கும்போது பிறந்த ஆண்டையும் பார்ப்பேன். பகிடி இல்லை. சிறந்த நடிகருக்கான விருதை 30 வயதுக்கு முன் பெற்றவர் 2025 விழா வரையில் ஒரேயொருவர்தான். 2003 இல் 29 வயதில் வென்ற ஏட்ரியன் புரோடி. நடிகைகளிலோ ஜெனிபர் லோரன்ஸ் 22 வயதில், பிரி லார்சன் 26 இல், எம்மா ஸ்டோன் 28 இல் என்று வரிசை நீளும். ஆண் முதிர்ந்த பிறகு மதிக்கப்படுகிறான். பெண் இளமையாக இருக்கும்போதே கொண்டாடப்பட்டு விடுகிறாள்.

2025 விழா இதற்கு நல்ல உதாரணம். வயது போனதால் ஒதுக்கப்பட்டு, தன் இடத்துக்கு இளம்பெண் ஒருத்தி வருவதைப் பார்த்து நொறுங்கும் நடிகையாக 'த சப்ஸ்டன்ஸ்' படத்தில் டெமி மூர் நடித்திருந்தார். அவருக்கு அப்போது 62 வயது. நடிகர் சங்க விருதும் அவருக்கே. ஒஸ்காரோ 'அனோரா' படத்தில் நடித்த 25 வயது மைக்கி மடிசனுக்குப் போனது. மடிசனின் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்றாலும் படத்தின் கதை மேடையிலும் நடந்தது போல இருந்தது. அதே பட்டியலில் பிரேசில் நாட்டின் பெர்னாண்டா ரொரெஸும் இருந்தார், வயது 59. அவருடைய தாயார் பெர்னாண்டா மொன்ரெனீக்ரோ 1999 இல் 69 வயதில் இதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 26 வயது க்வினெத் பெல்ட்ரோவிடம் இழந்தவர். தாய்க்கும் மகளுக்கும் இடையே 26 ஆண்டுகள். என் வலது நிரலில் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது.

எங்கள் மண்ணைத் தொட்ட இரண்டு

2007 இல் வேற்றுமொழிப் படப் பிரிவில் தீபா மேத்தாவின் 'வோட்டர்' இருந்தது. காசியில் விதவைகள் இல்லத்துக்கு அனுப்பப்படும் சிறுமியின் கதை. 2000 இல் காசியில் படப்பிடிப்பைத் தொடங்கியபோது எதிர்ப்பாளர்கள் அரங்கை நாசம் செய்தார்கள். 2004 இல் வேறு பெயரில் இலங்கையில்தான் படம் எடுத்து முடிக்கப்பட்டது. ஹிந்தி தெரியாத இலங்கைச் சிறுமி சரளா வசனங்களைப் பாடமாக்கி நடித்தாள். ஆறு பரிந்துரைகளோடு வந்த 'பான்ஸ் லபிரின்த்' வெல்லும் என்பதே பலரின் கணிப்பு. வென்றது ஜேர்மனியப் படமான 'த லைவ்ஸ் ஒவ் அதர்ஸ்'. அப்போது இந்தப் பிரிவில் ஐந்து படங்களையும் பார்த்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். பேர்பெற்ற படத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்குப் போட முடியாது.

2009 இல் பாடல் பிரிவில் இருந்தவை மூன்றே பாடல்கள். அவற்றில் இரண்டு 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தினுடையவை. 'ஜெய் ஹோ' வெல்லும் என்று இடது நிரலில் எழுதுவது கஷ்டமில்லை. மற்றப் பாடலான 'ஓ... சாயா'வுக்கு ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து பரிந்துரைக்கப்பட்டவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்து, அகதியாக லண்டன் போன பெண். விழாவுக்குச் சில நாட்கள் முன்னர்தான் அவருக்குக் குழந்தை பிறந்தது. வலது நிரலில் அவர் பெயரை எழுத எனக்குக் காரணம் தேவைப்படவில்லை.

இனி வரும் ஆண்டுகளுக்கு

என் கணிப்புகள் மூன்று. முதலாவது, இயக்குநர் விருது தொடர்ந்தும் சங்கத்தின் பின்னாலேயே போகும். இரண்டாவது, கறுப்பினப் பெண் இயக்குநர் ஒருவரின் பெயர் அந்தப் பட்டியலில் வரும். 2025 வரை அது நடக்கவில்லை. ஆனால் பரிந்துரைப்பவர்கள் மாறி வருகிறார்கள். மூன்றாவது, இரண்டு நிரல்களுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் குறையும். ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தவர்களே அந்தப் பிரிவின் இறுதி வாக்கைப் போடலாம் என்று 2025 ஏப்ரலில் அகடமி அறிவித்தது. 2026 விழாவிலிருந்து அது நடைமுறை. அதுவரை பார்க்காமலே வாக்களிக்க முடிந்தது என்பதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை! சிறிய படங்களும், பெண்கள் எடுத்த படங்களும் குறைந்தபட்சம் பார்க்கப்படும். பார்த்த பிறகு தோற்றால் அது வேறு விடயம்.

அடுத்த முறை உங்கள் ஊரில் நாடகப் போட்டியோ கட்டுரைப் போட்டியோ சங்கத் தெரிவோ நடந்தால் நீங்களும் ஒரு கொப்பியில் கோடு கீறிப் பாருங்கள். மூன்றாவது நிரலுக்கும் இடம் விடுங்கள். நடுவர் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் மேலே எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்பினால் சேர்ந்து கதைக்கலாம்.