கும்பிட மட்டும்தானா கால்?

என் பெரியப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. மாதம் தவறாமல் டாக்டரிடம் போவார். கிளினிக் வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று போர்டு. பவ்யமாகக் கழற்றிவிட்டு உள்ளே போவார். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்ப்பார், பி.பி. பார்ப்பார், மாத்திரையை மாற்றுவார். செருப்பில்லாமல் எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் காலை மட்டும் பார்க்க மாட்டார்.

ஒருநாள் பெரியம்மா, "என்னங்க, தரையெல்லாம் ரத்தம்?" என்று அலறினார். பெரியப்பாவின் கட்டைவிரலுக்கு அடியில் ஆணி. எப்போது ஏறியதோ, அவருக்கு வலிக்கவே இல்லை. கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு நைலான் இழை. பாதத்தில் அது வளைகிற வரை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். சில நிமிஷ வேலை. அதைச் செய்யத்தான் நம்மிடம் ஆள் இல்லை.

அமெரிக்காவில் பாத மருத்துவம் தனிப் படிப்பு. கல்லூரி முடித்து நாலு வருஷம், அப்புறம் மூன்று வருஷப் பயிற்சி. ஆபரேஷனும் அவர்களே செய்வார்கள். பிரிட்டனில் அதற்கென்று பட்டப்படிப்பு. பதிவு செய்யாமல் 'போடியாட்ரிஸ்ட்' என்று போட்டுக்கொண்டால் குற்றம். நம் நாட்டில் 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்தின் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பெயர் ஏறினால் போதுமா? தாலுகா ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தையை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே வேலூர்தான். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால் புண்ணாகி விரல்கள் அழிவதற்குக் காரணம், பெரும்பாலும் வலி தெரியாமல் போவதுதான் என்று காட்டினார். காரணம் தெரிந்ததும் மெத்தென்ற ரப்பர் செருப்பே வைத்தியமாயிற்று. 1966-ல் அவர் அமெரிக்கா போனார். அதே பாடம் அங்கே சர்க்கரைக்காரர்களின் காலையும் காப்பாற்றியது. நாம் பாடத்தை அனுப்பிவிட்டு நோயை மட்டும் வைத்துக்கொண்டோம்.

"சர்ஜன்தான் இருக்காரே சார்?" என்பார்கள். இருக்கிறார், வெட்டுவதற்கு. வெட்டாமல் காப்பாற்ற யார்? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. இருபது கோடிக் கால்கள்!

உண்மையான காரணம் வேறு. பையன் ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் என்றால் சம்பந்தி வீட்டில் முந்திரி பக்கோடா. கால் டாக்டர் என்றால், "ஓஹோ... வேற எதுவும் கிடைக்கலையா?" காலையும் செருப்பையும் தொடுகிற வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிய சமூகம் இது. அந்தப் புத்தி ஸ்டெதஸ்கோப் மாட்டினாலும் போவதில்லை. பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடுவோம்; அதே காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்க்க அருவருப்பு.

அரசாங்கம் படிப்பைத் தொடங்கட்டும், கூடவே போஸ்டிங்கும் கௌரவமான சம்பளமும் தரட்டும். நீட் கிடைக்கவில்லை என்று மூலையில் உட்கார்ந்து அழும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அருமையான கால் வைத்தியர்கள் ஆவார்கள்.

அதுவரை ஒரு யோசனை. அடுத்த முறை போகும்போது, "டாக்டர், காலையும் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டிவிடுங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும். மரியாதை போனால் திரும்ப வரும். விரல் வராது.