மாரடைப்புக்குப் பின் ஜீன் என்ன சொல்லும்?

மாரடைப்பு கண்டு பிழைத்த ஒருவரின் வீட்டார் டாக்டரிடம் கேட்கும் கேள்வி, "மறுபடியும் வருமா?" என்பதே. இதற்கான விடை அவருடைய ஜீன்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது, ஒரு துளி உமிழ்நீர் கொடுத்தால் படித்துச் சொல்லிவிடலாம் என்ற பேச்சு இன்று பரவலாக அடிபடுகிறது. மாணவர்களே, இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

நமது ஒன்பதாவது குரோமோசோமில் 9பி21 என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள ஒரு சிறு மாறுபாடு மாரடைப்புடன் தொடர்புடையது என்பதை 2007ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஐரோப்பிய வம்சத்தினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இம்மாறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருக்கிறார். இவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்படியானால், இரண்டாவது மாரடைப்பையும் இது முன்கூட்டியே காட்டவேண்டும் அல்லவா? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் கண்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அலசப்பட்டன. மறு மாரடைப்பையோ அதனால் நேரும் மரணத்தையோ இம்மாறுபாடு காட்டிக்கொடுக்கவில்லை!

இதில் வியப்பில்லை. வைக்கோற்போர் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். தீ எவ்வளவு தூரம் பரவும் என்பதைக் காற்றும் ஈரமும் அல்லவா தீர்மானிக்கின்றன? அதுபோல முதல் மாரடைப்புக்குப் பின், இதயத் தசை எவ்வளவு சேதமடைந்தது, எத்தனை விரைவில் சிகிச்சை கிடைத்தது, நோயாளி புகைப்பதை நிறுத்தினாரா என்பவையே முக்கியமாகின்றன.

இனி இரண்டாவது எடுத்துக்காட்டு. மாரடைப்பு வந்தவரின் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். அதில் இரத்தம் உறையாதிருக்கக் குளோபிடோக்ரல் என்ற மாத்திரையைத் தருவதுண்டு. விழுங்கும்போது அது வீரியமற்ற பொருள். கல்லீரலிலுள்ள ஒரு என்ஸைம்தான் அதை வேலை செய்யும் மருந்தாக மாற்றுகிறது. அந்த என்ஸைமுக்கான ஜீன், சி.ஒய்.பி.2சி19. இரு பிரதிகளும் பழுதாக இருப்பவருக்கு மாத்திரை சரிவரப் பயன்படாது. ஆகவே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. இப்பழுது ஐரோப்பியரைவிட ஆசியரிடையே மிகுதி என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை வீரியம் மிக்கவை. இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியவை. 2019இல் ஐரோப்பாவில் 2,488 நோயாளிகளிடம் நடத்திய சோதனையில், ஒரு பிரிவினருக்கு ஜீனைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். மறு பிரிவினர் அனைவருக்கும் வீரிய மருந்து. இரத்தக் கசிவு இரண்டாம் பிரிவில் 12.5 சதவீதம், முதற்பிரிவில் 9.8 சதவீதம். இரத்தம் உறைவதால் வரும் ஆபத்தோ முதற்பிரிவில் கூடிவிடவில்லை. 2020இல் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த வேறொரு சோதனையில் நன்மை ஐயமற நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இங்கே ரேடியம் நினைவுக்கு வருகிறது. 1,600 ஆண்டுகளில் அதன் அணுக்களில் பாதி சிதைந்துவிடும் என்று உறுதியாகக் கூறலாம். ஆனால் அடுத்துச் சிதையப்போவது எந்த அணு என்று யாராலும் கூறமுடியாது. ஜீன் காட்டும் வாய்ப்பும் இப்படிக் கூட்டத்தைப் பற்றியதே. அதைத் தனி மனிதனின் தலையெழுத்தாகப் படிப்பது பிழை; வீட்டாரை வீணாக அச்சுறுத்துவதுமாகும்.

ஆகவே எந்த ஜீன் பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், "இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறுமானால் அது மருத்துவம். மாறாவிட்டால், ஆய்வுக்கூடத்தில் கணித்த ஜாதகம் என்றே நான் சொல்வேன். நம் நாட்டு நோயாளிகளிடம் இத்தகைய சோதனைகளைப் பெருமளவில் நடத்தி, இக்கேள்விக்கு விடை காணவேண்டிய பொறுப்பு உங்கள் தலைமுறைக்கு உண்டு.