முன்னே நகர்ந்த மணிக்கூடு

1996 மே 25 அன்று இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடமிருந்து இராணுவத்தின் வசம் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதன் வடகரையிலுள்ள காங்கேசன்துறையும் கொழும்பின் நேரத்தைப் பின்பற்றியது. சூரியன் உச்சிக்கு வரும்போது அங்கே மணி ஒன்று பத்து ஆகியிருந்தது.

அந்தப் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குவோம். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் எடுக்கும். காங்கேசன்துறை கிரீன்விச்சுக்குக் கிழக்கே 80 பாகையில் இருக்கிறது. ஆகவே அதன் சூரிய நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 20 நிமிடம் முந்தியது. ஆனால் ஊருக்கு ஒரு நேரம் என்றால் ரயில் ஓடாது. கொழும்பு - காங்கேசன்துறைப் பாதை 1905இல் முழுமை பெற்றது. மறு ஆண்டு, நாடு முழுவதற்கும் கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் வகுக்கப்பட்டது. இது நியம நேரம். சூரியனோடு ஒப்பிட்டால் பத்து நிமிட வித்தியாசம். அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

1996இல் நடந்தது இதன்மேல் இன்னொரு நகர்த்தல். அதற்குப் பகலொளி சேமிப்பு நேரம் என்று பெயர். இந்த யோசனையை 1895இல் முன்வைத்த ஜோர்ஜ் ஹட்சன், நியூசிலாந்தில் தபால் நிலையத்தில் வேலை செய்தவர். வேலை முடிந்த பின் பூச்சி சேகரிக்க அவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1907இல் இதையே வலியுறுத்தியவர் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். இருவரின் யோசனையையும் அரசுகள் ஏற்கவில்லை. முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி மணியை மாற்றியது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் மாற்றியது. வில்லெட் அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார்.

லண்டனில் யூன் மாதப் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டுக்கும் குறைவு. கோடையில் ஊர் உறங்கும்போதே விடிந்துவிடும். அந்த உபரி வெளிச்சத்தைத்தான் மாலைக்கு மாற்றுகிறார்கள். காங்கேசன்துறையில் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம், மிகக் குறுகியது பதினொன்றரை. மாற்றுவதற்கு உபரி என்று பெரிதாக எதுவும் இல்லை. மாலையில் கிடைப்பது காலையில் கழிந்துவிடும்.

பிறகு ஏன் மாற்றினார்கள்? அந்த ஆண்டு கடும் வறட்சி. அப்போது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம். நீர்த்தேக்கங்கள் வற்ற, மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது. பொழுதுபட்டதிலிருந்து படுக்கப் போகும்வரைதான் மின்தேவை உச்சத்தில் இருக்கும். மணியை முன்னே தள்ளினால் பொழுதுபடுவது பிந்தும். படுக்கும் மணி மாறாது. விளக்கு எரியும் நேரம் அவ்வளவுக்குக் குறையும். ஆனால் விடியுமுன் எழுந்தால் காலையிலும் விளக்கு வேண்டும். அந்த நேரமே நீடித்திருந்தால், சனவரி கடைசியில் காங்கேசன்துறையில் சூரியன் ஏழரைக்குப் பிறகுதான் உதித்திருக்கும். பள்ளிக்கூடம் தொடங்குவதும் ஏழரைக்கு! ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் திருப்பப்பட்டது. மற்ற அரை அப்படியே நின்றுவிட்டது.

குடாநாட்டில் கணக்கு வேறு. அது அப்போது தேசிய மின்கட்டமைப்போடு இணைந்திருக்கவில்லை; கிடைத்த கொஞ்ச மின்சாரமும் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வந்தது. அங்கே விளக்கை அணைப்பதால் மலைநாட்டு நீர்த்தேக்கத்தில் ஒரு துளியும் மிஞ்சாது. குடாநாட்டுக்குத் தெற்கே, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி புதிய நேரத்தை ஏற்கவே இல்லை. 2002இல் யாழ்ப்பாணம் - கண்டி ஏ9 பாதை திறந்தபோது, வன்னியின் வட எல்லைச் சாவடியான முகமாலையைக் கடந்து தெற்கே போனவர்கள் பழைய நேரத்துக்குள் நுழைந்தார்கள். தென் எல்லைச் சாவடியான ஓமந்தையில் மறுபடி புதிய நேரம்.

2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், நாடு பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. முகமாலையின் இரு பக்கமும் ஒரே நேரம் வந்தது. ஓகஸ்டில் பாதையே மூடப்பட்டது.

வறண்ட ஓராண்டுக்கு மணியை நகர்த்தியதில் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. 1942இல் இரண்டாம் உலகப் போருக்காக நகர்த்தியதையும் 1945இல் திருப்பிவிட்டார்கள். மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிறைந்த பிறகும் அரை மணித்தியாலத்தை ஏறக்குறைய பத்தாண்டு வைத்திருந்ததற்குத்தான் வறட்சியைக் காரணம் காட்ட முடியாது.