பசுமைப் பட்டாசில் பச்சை எங்கே?

தீபாவளி நெருங்கினால் போதும், தில்லியில் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "பட்டாசு இல்லாமல் என்ன தீபாவளி?" என்பது ஒரு கட்சி. "குழந்தை மூச்சு விட வேண்டாமா?" என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் பட்டாசுப் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. என் குறை அதுதான்.

நான் பி.காம். வேதியியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் இது அடுப்படியிலேயே தெரிகிற சமாச்சாரம். ரசம் பொங்கி காஸ் அடுப்பில் வழிந்தால் நீலத் தீ மஞ்சளாகிறதே, அது உப்பில் இருக்கிற சோடியத்தின் வேலை. வாணவேடிக்கையும் அதே கணக்குதான். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். நீலம்தான் ரொம்பக் கஷ்டம். சூடு கூடினால் அந்த நிறம் தருகிற தாமிர குளோரைடு சிதைந்து, நிறம் வெளிறிவிடும். நல்ல நீலம் கண்ணில் பட்டால் செய்தவருக்கு ஒரு சபாஷ் போடுங்கள்.

பேரியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேரியம் நைட்ரேட், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் கொடுக்கும். அதனால் பச்சையே தெரியாத கம்பி மத்தாப்பிலும் அது இருந்தது. சிக்கல் என்னவென்றால், தண்ணீரில் கரைகிற பேரியம் உப்புகள் நச்சு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. ஆக, பசுமைப் பட்டாசில் பச்சைக்கான உப்பு கூடாது! பெயர் வைத்தவருக்கு இது உறைத்ததோ இல்லையோ :-)

"பசுமை" என்றதும் புகையே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அதை உருவாக்கிய நீரி ஆய்வகம் சொல்வதோ, துகள் மாசு 30 சதவீதம் குறையும் என்றுதான். வங்கிக்காரன் புத்தி மீதி 70-ஐத்தான் பார்க்கிறது. வட்டியில் 30 சதவீதம் தள்ளுபடி என்றால் கடன் அடைந்துவிட்டது என்று எந்த மேனேஜராவது எழுதித் தருவாரா?

தடைக்குப் பிறகும் சில ஆலைகளில் பேரியம் புழங்குவதாக 2021-இல் சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. ஆலைகளை மட்டும் திட்ட எனக்கு மனமில்லை. மலிவு விலையில் பளீரென்ற பச்சை கேட்டது நாம்தானே? சிவகாசியில் மருந்து கலக்கும் அறையில் நிற்பவர் ஒரு கூலித் தொழிலாளி. நமக்கு இது ஒரு ராத்திரிப் புகை. அவருக்கோ வருஷத்தில் பல மாதம் அந்தத் தூளோடுதான் பிழைப்பு. நம் வாதங்களில் அவர் வருவதே இல்லை.

இத்தனைக்கும், பெட்டியின் மேல் ரசாயனங்களின் விவரம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2005-இல். பிஸ்கட் பாக்கெட்டில் மைதா எத்தனை, சர்க்கரை எத்தனை என்று கண்ணாடி போட்டுப் படிக்கிற நாம் இதைப் படித்தோமா? 2025 அக்டோபரில் தில்லி வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாள் அனுமதி கிடைத்தபோதும் விலையைத்தான் விசாரித்தோம்.

இந்தத் தடவை கடைக்காரரிடம், "இதில் என்ன உப்பு?" என்று கேளுங்கள். பெட்டியிலும் இல்லை, அவருக்கும் தெரியவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் அப்படித்தான் செய்யப் போகிறேன். பச்சை மத்தாப்பு இல்லையே என்று பையன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும்.