பொன்னியின் செல்வன் அட்டையில் பெரிய கோவிலுக்கு என்ன வேலை?

முதலில் ஒரு சின்னக் கணக்கு மக்களே. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது கி.பி. 985. தஞ்சைப் பெரிய கோவில் கட்டி முடித்தது 1010. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதை நடப்பது இந்த ரெண்டுக்கும் முன்னால். சுந்தர சோழர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், அருள்மொழிவர்மன் இன்னும் இளவரசன். அதாவது கதையில் வரும் தஞ்சாவூரில் பெரிய கோவிலே கிடையாது. அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை.

இப்போ ஏதாவது ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போய், மலிவுப் பதிப்புகளின் அட்டையை மட்டும் பாருங்க. எத்தனை அட்டையில் பெரிய கோவில் விமானம் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே வாங்க. அதற்கு முன்னால் மகுடம் தரித்த ஒரு ராஜா. சிலதில் ரோமாபுரிச் சிப்பாய் மாதிரி இரும்புக் கவசம் வேறு. அட போங்கப்பா!

கோவிலைக்கூட மன்னித்துவிடலாம். அந்த மகுடத்தை மன்னிக்கவே முடியாது. இந்தக் கதையின் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'தியாக சிகரம்'. கையருகே வந்த கிரீடத்தை ஒருவன் வேண்டாம் என்று விடுவதற்குத்தான் அத்தனை பக்கங்கள். அட்டையில் அதே கிரீடத்தை அவன் தலையில் மாட்டினால், வரைந்தவர் ஐந்தாம் பாகம் வரை வரவில்லை என்றுதான் அர்த்தம். ஒருவேளை முதல் பாகத்துக்கே வரவில்லையோ என்னவோ :)

காமர்ஸ் படிக்கிறவன் பேசுகிற பேச்சா என்று கேட்காதீங்க, இது காமர்ஸ் பேச்சேதான். 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15 ஞாபகம் இருக்கா? வர்ணனை சொல்லி ஒரு பொருளை விற்றால், பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தி இருக்கணும். நம்ம ஊரில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். 'நூறு சதம் காட்டன்' என்று லேபிள் தைத்துவிட்டு உள்ளே பாலியஸ்டர் கலந்தால், பையர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவான். அப்புறம் காதர்பேட்டையில்தான் தள்ளணும். பனியனுக்கு இருக்கிற நியாயம் புத்தகத்துக்குக் கிடையாதா? கேஸ் போடச் சொல்லவில்லை. அட்டையும் லேபிள்தான் என்கிறேன், அவ்வளவுதான்.

"அது ஒரு குறியீடுப்பா. ராஜராஜன் என்றாலே பெரிய கோவில்தான்" என்பார்கள். சரி. ஆனால் கல்கி எழுதியது ராஜராஜனின் கதையையா? சின்ன வயதில் பொன்னி நதியில் விழுந்து பிழைத்த ஒரு பிள்ளை, ராஜராஜன் ஆவதற்கு முன்னால் யாராக இருந்தான் என்பதைத்தானே எழுதினார்? அதிலும் அந்தப் பிள்ளையைவிட நாம் அதிகம் கூடவே போவது வந்தியத்தேவனோடு. ஆள ஒரு அடி நிலம் இல்லாத, வாயைக் கொடுத்து வம்பில் மாட்டுகிற வாணர் குலத்துப் பையன். கதையை நகர்த்துவதோ குந்தவையும் நந்தினியும் பூங்குழலியும் ஊமை ராணியும். இந்த நாலு பெண்களில் ஒருத்திக்காவது அட்டையில் இடம் தராமல் கோவிலை நிறுத்துவது குறியீடு இல்லை, சோம்பேறித்தனம்.

"அட்டையை வச்சு என்ன, கதை உள்ளேதானே இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. ஏற்கெனவே படித்தவனுக்குச் சரி. முதல்முறை கையில் எடுக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு? ஏதோ போர்க் கதை என்று நினைத்து வைத்துவிட்டுப் போகலாம். இல்லையென்றால் கதைக் காலத்திலேயே பெரிய கோவில் இருந்தது என்று மனதில் பதித்துக்கொள்ளும். ரெண்டுமே நஷ்டம்.

இத்தனைக்கும் இந்த நாவல் படத்தோடுதான் பிறந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் வந்தபோது மணியம்தான் ஓவியர். கதை வளர வளர வரைந்தவர். அதனால்தான் நந்தினியின் கொண்டை என்றால் இன்றைக்கும் அவர் போட்ட கொண்டைதான் கண் முன்னால் வருகிறது. அதற்குப் பெயர் படித்துவிட்டு வரைவது.

அட்டையை மாற்ற முடியாதா? மாற்றியிருக்கிறார்கள். 2009-இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியர் எழுதிய 'லயர்' நாவலில் கதை சொல்கிற பெண் கறுப்பினக் கலப்புள்ளவள், குட்டை முடி. அமெரிக்கப் பதிப்புக்கு ப்ளூம்ஸ்பரி தயாரித்த அட்டையிலோ நீள முடி வெள்ளைக்காரப் பெண். எழுத்தாளரே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார், வாசகர்களும் சத்தம் போட்டார்கள். புத்தகம் கடைக்கு வருவதற்குள் அட்டை மாறிவிட்டது.

கல்கி வந்து சத்தம் போட முடியாது. 1954-லேயே போய்விட்டார். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் ராயல்டி தராமல் அச்சடிக்கலாம். நல்ல விஷயம்தான், அதனால்தான் மாணவன் காசுக்கும் ஐந்து பாகம் கிடைக்கிறது. ஆனால் நாட்டுடைமை என்றால் பதிப்பாளர் உடைமை இல்லீங்க, நம் உடைமை. அப்போ சத்தம் போட வேண்டியது நாமதான். எழுத்தாளருக்குக் கொடுக்க வேண்டிய காசு மிச்சமாகிறது இல்லையா? அதில் கொஞ்சம் ஓவியருக்குக் கொடுத்து, முதலில் புத்தகத்தையும் கொடுத்து, படித்துவிட்டு வரையுங்கள் என்று சொல்லலாமே.

என்ன வரைவது? தலைப்பிலேயே கல்கி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 'புது வெள்ளம்' – ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் ஒரு வாலிபன். 'சுழற்காற்று' – கொந்தளிக்கிற கடல், படகில் பூங்குழலி. 'கொலை வாள்' – நந்தினியும் அந்த மீன் அடையாளமிட்ட வாளும். 'மணிமகுடம்' – யார் தலையிலும் இல்லாத கிரீடம். 'தியாக சிகரம்' – கிரீடத்தை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கிற ரெண்டு கை. யார் தலை என்று வரைய வேண்டாம், படிக்கிறவன் கண்டுபிடிக்கட்டும்.

அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, இந்த அட்டையில் இருக்கிற கோவில் எந்த அத்தியாயத்தில் வருது?" நாலு பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நானூறு பேர் கேட்டால் பதிப்பாளருக்குப் போய்ச் சேரும்.

டிஸ்கி: பெரிய கோவில் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆயிரம் வருஷமாக நிற்கிற கோவிலை இன்னும் கொஞ்சம் வருஷம் முன்னால் தள்ளுகிறவர்கள் மேல்தான்.