எட்டிய கரும்பலகை, எட்டாத தீர்மானப் புத்தகம்

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் வகுப்பறைச் சுவர்களின் அடிப்பாகம் கறுப்பானது. தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் வண்ணம் பூசி, கட்டம் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் கொடுத்தார்கள். ‘கீழ்மட்டக் கரும்பலகை’ என்று அதற்குப் பெயர். அதுவரை கரும்பலகை ஆசிரியரின் தோள் உயரத்தில் இருந்தது. சாக்பீஸும் அவர் கையில்தான் இருந்தது.

செயல்வழிக் கற்றலின் தொடக்கம் அது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷிவேலிக்கு அனுப்பினார். ஒரே ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள் என்ற நிலையில் இருந்த கிராமப் பள்ளிகளுக்காக அங்கே கற்றல் அட்டைகளை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து வந்தவர்கள் இங்குள்ள பாடத்துக்கு ஏற்ப அட்டை செய்தார்கள். 2007-08இல் இந்த முறை மாநிலம் முழுக்கப் பரவி, ஏறக்குறைய 37,000 பள்ளிகளை எட்டியது.

சுவரில் ஓர் ஏணிப்படம் தொங்கும். பிள்ளை அதில் தன் படி எதுவென்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துவரும். காய்ச்சலில் நான்கு நாள் வராத பிள்ளை ஐந்தாம் நாள் வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வகுப்பு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதே என்று தவிக்க வேண்டியதில்லை. வருகையைப் பிள்ளைகளே குறித்தார்கள். அன்றைய வானிலையையும் அவர்களே எழுதினார்கள். ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே பாயில் உட்கார்ந்தன. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆசிரியரும் தரைக்கு வந்தார்.

குறைகளும் எழுந்தன. “டீச்சர் பாடமே நடத்துறதில்ல, அட்டையை எடுத்துக் குடுத்துட்டு உட்கார்ந்துக்கறாங்க” என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்புகளில் அட்டை மாற்றுவதே வேலையாகிப்போனதென்று ஆசிரியர்கள் வருந்தினார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. பின்னர் திருத்தங்கள் வந்தன. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பயிற்றுமுறைகள் மாறும், மாறவும் வேண்டும். ஆனால், குழந்தையின் உயரத்துக்குப் பெரியவர்கள் இறங்கிவர முடியும், அதையும் ஓர் அரசு மாநிலம் முழுக்கச் செய்ய முடியும் என்று தமிழ்நாடு ஒருமுறை காட்டிவிட்டது. அதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

அந்த இறக்கம் பாடத்தோடு நின்றுபோனதுதான் வருத்தம். பள்ளியில் எந்தக் கழிப்பறையின் தாழ்ப்பாள் விழவில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் வழியில் எந்த இடத்தைக் கடக்கப் பயம் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். ஆனால், இவற்றையெல்லாம் முடிவுசெய்யும் மேசையில் அவர்களுக்கு இடமில்லை.

சட்டம் கதவை முழுவதுமாக மூடிவிடவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு எழுதிய மாதிரி விதிகளில், மீதிக் கால் பங்கில் ஒரு பகுதி உள்ளூர்க் கல்வியாளருக்கோ பள்ளிக் குழந்தைக்கோ என்றிருக்கிறது. ‘கல்வியாளர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே குழந்தைக்கும் இடம் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு 2022இல் 20 பேர் கொண்ட குழுக்களை மறுகட்டமைத்துத் தாய்மார்களை முன்னுக்குக் கொண்டுவந்தது. அது பெரிய காரியம். அடுத்த நாற்காலி பிள்ளைக்குப் போட வேண்டியது. ஊராட்சித் தலைவர் தலைமையிலான கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில், ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, குழந்தைப் பிரதிநிதிகள் இருவர் இருக்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் ஊரில் அந்த இருவர் யாராக இருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

குழந்தைகளை மேடையேற்றுவதில் நாம் குறை வைப்பதில்லை. நவம்பர் 14 வந்தால் நேரு வேடம், ரோஜாப்பூ, ஆசிரியர் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த உரை. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட சிறுநூலில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். குழந்தையைக் கைப்பாவையாக்குவது, அலங்காரமாக நிறுத்துவது, ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வது ஆகியவை அடியிலுள்ள மூன்று படிகள். இவற்றைப் பங்கேற்பாகவே கொள்ள முடியாது என்றார் அவர். செயல்வழிக் கற்றலின் ஏணியில் மேலே ஏற விட்ட பிள்ளைகளை இந்த ஏணியில் நாம் அடிப்படிகளிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பக்கத்து மாநிலம் மேலே போயிருக்கிறது. 1990இல் கர்நாடகத்தில் ‘பீம சங்கம்’ என்ற பெயரில் வேலைக்குப் போகும் சிறுவர் சிறுமியர் தாங்களே ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுக்குத் துணை நின்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியில், உடுப்பிப் பகுதிக் கிராமங்களில் ‘மக்கள பஞ்சாயத்து’கள் உருவாயின. (கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் பிள்ளைகள்.) மழைக்காலத்தில் ஓடை பெருகினால் பள்ளிக்குப் போக வழியில்லை, நடைபாலம் வேண்டும் என்பதுபோன்ற கோரிக்கைகளைப் பிள்ளைகள் வைத்தார்கள். 2006இல் எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் குழந்தைகள் கிராம சபை நடத்த அம்மாநில அரசு உத்தரவிட்டது. எல்லா ஊரிலும் அது உயிரோடு நடப்பதாகச் சொல்ல முடியாது. ஆனாலும், தலைவரையும் அதிகாரிகளையும் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் நாளொன்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது.

நம் வீடுகளில் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு வைத்திருக்கும் பெயர் ‘அதிகப்பிரசங்கி’. பெண் பிள்ளையானால் ‘வாயாடி’. “பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே” என்று சொல்லியே வளர்த்துவிட்டு, தவறான தொடுகை நேர்ந்தால் மட்டும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தாழ்ப்பாள் விழவில்லை என்று சொன்னபோது கேட்காதவரிடம் எந்தப் பிள்ளை அதைச் சொல்லும்? பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தார்கள். 14417, 1098 உதவி எண்களைச் சுவரில் எழுதினார்கள். தேவையான ஏற்பாடுகள்தான். பெட்டியை யார், எப்போது திறக்கிறார்கள், போட்ட சீட்டுக்கு என்ன ஆனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அவற்றின் பயன் இருக்கிறது.

போலந்தின் வார்சாவில் 1912இல் தொடங்கிய ஒரு யூத அநாதை இல்லத்தை நடத்தியவர் யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை மருத்துவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. அந்த வாரம் தன்மேல் வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் சட்டப் பிரிவுகளில் பெரும்பாலானவை மன்னிப்பைப் பற்றியவை. பெரியவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அரையாண்டில் ஐந்து முறை கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டார். ஒரு பையனைக் காதில் அறைந்ததும் அவற்றில் ஒன்று. பிள்ளைமேல் கைவைத்த பெரியவர் பிள்ளைகளிடம் பதில் சொன்னார், அவருடைய மதிப்பு குறைந்துவிடவில்லை. 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை மரண முகாமுக்கு இழுத்துச் சென்றபோது, அவர்களை விட்டுப் பிரிய மறுத்து ஏறக்குறைய 200 பிள்ளைகளோடு அவரும் போனார். ஐநாவின் குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு 1978இல் முதல் முன்மொழிவை வைத்தது அவருடைய போலந்து நாடுதான். தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் கூறு. இந்தியா அதை ஏற்றது 1992இல்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களின் அவை. 18 வயது நிரம்பாதவர்களின் குரல் அங்கே கணக்கில் வராது. அந்தக் குரலைக் கேட்க அரசமைப்பைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டாம். கர்நாடகத்தைப்போல ஓர் அரசாணை போதும். அது வரும்வரை ஊராட்சித் தலைவரும் தலைமையாசிரியரும் மனம் வைத்தாலே நடக்கும். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கூட்டத்துக்கு முன்பு பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டுங்கள். அவர்களையே பேசவிட்டு, சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அடுத்த கூட்டம் ஜனவரி 26இல். இடையில் 86 நாட்கள் இருக்கின்றன. எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று அன்றைக்கு அந்தப் பிள்ளைகளிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.