முதல் கார் வாங்கும் இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு பழைய கார் ஒன்றைப் பேசி முடிக்கிற இளைஞர்கள், இன்சூரன்ஸ் என்று வந்ததும் கேட்கிற முதல் கேள்வி "இருக்கறதுலயே குறைச்சலா எது?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. கார் வாங்கவே கையிருப்பெல்லாம் கரைந்திருக்கும், மாதத் தவணை வேறு காத்திருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "தர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கங்க தம்பி, போலீஸ் கேட்டா காட்ட ஒரு பேப்பர் இருக்கும்." நுகர்வோர் உரிமையிலும் சாலைப் பாதுகாப்பிலும் அக்கறை கொண்டு சேர்ந்து இயங்கும் நாங்கள், இந்தப் பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். இளம் ஓட்டுநர் இன்சூரன்ஸ் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. அவற்றில் பலவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லோரும் சொல்லித் தருகிற ஒரே வழி, காரில் உடன் வருகிறவர்களின் பாதுகாப்பை வெட்டிவிட்டுப் பணத்தை மிச்சப்படுத்துவது. அந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் விலை எப்படி அமைகிறது என்று பார்ப்போம். பிரிட்டன் போன்ற நாடுகளில் புதிதாக ஓட்ட வரும் பதினெட்டு வயதுக்காரர், அதே காருக்கு நடுவயதுக்காரரைவிட மிக அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும். நம் ஊரில் கணக்கு வேறு. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் தர்ட் பார்ட்டி பகுதிக்கு வயதும் இல்லை, அனுபவமும் இல்லை, எஞ்சினின் சி.சி.தான் கணக்கு. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பட்டியலில் சொந்த உபயோகக் கார்களுக்கான ஆண்டுக் கட்டணம் 1,000 சி.சி. வரை ரூ.2,094, அதற்கு மேல் 1,500 வரை ரூ.3,416, அதையும் தாண்டினால் ரூ.7,897. இவற்றோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தத் தொகை மாறாது. கார் பழசாகிவிட்டது என்பதற்காகக் குறையவும் செய்யாது. பத்து வருடப் பழைய ஸ்கார்பியோ சல்லிசாகக் கிடைத்தது என்று மகிழ்கிறவர், வருடா வருடம் வரியோடு ரூ.9,300க்கு மேல் இந்த ஒரு பகுதிக்கே கட்டுவார். ஆல்டோ கே10 அல்லது க்விட் வாங்கியவருக்கு அது ரூ.2,500க்குள் முடிந்துவிடும். ஆகவே மலிவான இன்சூரன்ஸைத் தேட வேண்டிய இடம் ஏஜென்டின் மேஜை அல்ல. எந்தக் காரை வாங்குவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுகிறபோதே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

தர்ட் பார்ட்டி மட்டும் போதுமே என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் காரில் உங்களோடு யார் வருவார்கள்? புதிதாகக் கார் வாங்கிய பையன் தனியாக ஓட்டினான் என்று சரித்திரம் இல்லை. பின் சீட்டில் மூன்று நண்பர்கள், முன் சீட்டில் ஒருவர், ஏற்காடோ ஏலகிரியோ. சட்டம் கேட்கிற குறைந்தபட்ச பாலிசி, வெளியே நடந்து போகிறவருக்கும் எதிர் வண்டியில் வருகிறவருக்கும் பொறுப்பேற்கும். கட்டணமின்றி நட்புக்காக உங்கள் காரில் ஏறியவருக்குப் பொறுப்பேற்காது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு அந்தப் பாலிசி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திலக் சிங் வழக்கில் சொன்னது. 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில், காருக்குள் இருப்பவருக்குக் குறைந்தபட்ச பாலிசியில் காப்பு இல்லை, பேக்கேஜ் பாலிசியில் உண்டு என்று பிரித்துக் காட்டியது. இப்படி ஒரு வழக்கு முன்னால் வந்தபோதுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், புதிதாக விற்கப்படும் எல்லா வண்டிகளுக்கும் ஐந்தாண்டு 'பம்பர் டு பம்பர்' இன்சூரன்ஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. சில வாரங்களில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இதற்குச் சட்டமியற்றுகிறவர்கள் வழி காண வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி முடித்தது. அவர்கள் இன்னும் காணவில்லை. அதுவரை நண்பனைக் காக்கிற வேலை பாலிசி எடுக்கிறவர் தலையில்தான் இருக்கிறது.

"பேக்கேஜ் எடுக்கக் காசுக்கு எங்கே போவது?" என்பது நியாயமான கேள்வி. பேக்கேஜில் தர்ட் பார்ட்டிக்கு மேல் சேர்கிற பகுதி, நம் காருக்கே ஆகும் சேதத்துக்கானது. இதன் விலையைக் கம்பெனிகள் தாங்களே வைக்கின்றன. அதனால் பேரம் பேசவும் ஒப்பிடவும் இங்கேதான் இடம். ஷோரூமில் சொல்கிற கம்பெனியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படி வற்புறுத்தக் கூடாது என்பது 2017இல் இருந்தே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆனால் ஒப்பிடும்போது கடைசி வரித் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மலிவாகத் தெரிகிற பல பாலிசிகளில் ஐ.டி.வி. எனப்படும் காரின் காப்பு மதிப்பைச் சத்தமில்லாமல் இறக்கியிருப்பார்கள். கார் திருடு போனாலோ, பழுது செலவு அந்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினாலோ, கைக்கு வருவது அந்த இறக்கிய தொகைதான். இரண்டு கம்பெனிகளிடமும் ஒரே ஐ.டி.வி.யைச் சொல்லி விலை கேளுங்கள். சிறு சேதங்களில் முதல் சில ஆயிரங்களை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் இன்னும் இறங்கும். கையில் அவசரத்துக்கு ஐயாயிரம் வைத்திருக்கக்கூடியவருக்கு இது நல்ல வழி.

புதிய ஓட்டுநர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது நோ க்ளெய்ம் போனஸ். ஒரு வருடம் க்ளெய்ம் கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பகுதியில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45, 50 என்று ஏறும். இளைஞருக்கு இதைவிடப் பெரிய சலுகை எந்த விளம்பரத்திலும் இல்லை. அதைத் தொலைப்பதும் எளிது. பார்க்கிங்கில் தூணில் இடித்து பிளாஸ்டிக் பம்பர் உடைந்தது, மாற்ற ரூ.4,000 என்று வையுங்கள். சாதாரண பேக்கேஜில் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி கழியும், 1,500 சி.சி. வரையான காரில் கட்டாயக் கழிவு இன்னொரு ஆயிரம். கையில் நிற்பது ஆயிரம் ரூபாய். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.8,000 என்றால் அதற்காக இழக்கிற 20 சதவீதம் ரூ.1,600. ஆயிரம் வாங்க ஆயிரத்து அறுநூறு கொடுக்கிற இந்த வியாபாரத்தை மெக்கானிக் கடைகளில் தினமும் பார்க்கலாம். பாலிசி முடிந்து 90 நாள் புதுப்பிக்காமல் விட்டாலும் சேர்த்த போனஸ் முழுக்கப் போய்விடும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும், முக்கியமாக விற்கிறவர்களுக்கும் தனியாக ஒரு சொல். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமலே ஒரு வருடம் ஓட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய பாலிசியின் தர்ட் பார்ட்டி பகுதி காரோடு தானாக வரும். சொந்தச் சேதப் பகுதி வராது; 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். போனஸோ விற்றவரின் சொத்து, காரின் சொத்து அல்ல. இன்னொரு குழி: 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று வருட தர்ட் பார்ட்டி கட்டாயம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சொந்தச் சேதப் பகுதி பல கார்களில் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். "இன்சூரன்ஸ் லைவ்ல இருக்கு" என்று புரோக்கர் சொன்னால், எந்தப் பகுதி என்று கேளுங்கள்.

அப்பா காரை ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: இங்கே பாலிசி வண்டியைத் தொடர்கிறது. செல்லுபடியாகும் லைசென்ஸும் உரிமையாளரின் சம்மதமும் இருந்தால் யார் ஓட்டினாலும் காப்பு உண்டு. எல்.எல்.ஆர். மட்டும் இருந்தால், எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும். ஆனால் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு ஆர்.சி.யில் பெயருள்ளவருக்கு மட்டுமே. மகனுக்கும் மற்றப் பயணிகளுக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற காரியம் அது. ஓன் போர்டு காரை வாடகைக்கு விடுவதோ எடுப்பதோ இந்தக் காப்பையெல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாக்கிவிடும்.

"எத்தனை கட்டினாலும் கம்பெனிக்காரன் க்ளெய்ம் தரமாட்டான்" என்கிற கோபம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. இழுத்தடிப்பும் வெட்டிக் கொடுப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. அதற்கு மாற்று, காப்பே வேண்டாம் என்று விடுவதாக இருக்க முடியாது. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையான வழக்குகளைக் கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் அங்கே நடத்தலாம்.

இன்னும் சிலர் சொல்வது, "இத்தனை வருஷமா இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டறேன், ஒண்ணும் ஆகலை." இவர்கள் தனி ஆட்களும் இல்லை; நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே சொல்லியிருக்கிறது. அபராதம் முதல் முறை ரூ.2,000 என்பதால் பலருக்கு அது லாபக் கணக்காகப் படுகிறது. உண்மையான கணக்கு நடப்பது விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில். மாதம் ரூ.20,000 சம்பாதிக்கும் 25 வயதுப் பெயின்டர் ஒருவர், மனைவியையும் தாயையும் விட்டுவிட்டு விபத்தில் இறந்தால், உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி ஆண்டு வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டி, மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 18ஆல் பெருக்குவார்கள். வருவது ரூ.40,32,000. மற்ற தலைப்புகளில் சேர்வது தனி. இன்சூரன்ஸ் இல்லாத கார் என்றால் அந்தப் பணம் உங்கள் வீட்டையும் நிலத்தையும் நோக்கி வரும். விற்க எதுவும் இல்லாத வீடென்றால் அந்தப் பெயின்டரின் தாய்க்குத் தீர்ப்புக் காகிதம் மட்டும் மிஞ்சும். போலி பாலிசி அச்சடித்து விற்கிறவர்களிடம் ஏமாந்தாலும் கதி இதுவே. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் தேதியைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

இத்தனையும் செய்த பிறகும் நம் கைக்கு எட்டாதவை இரண்டு இருக்கின்றன. ஆயுள், மருத்துவ இன்சூரன்ஸில் தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. சட்டமே கட்டாயம் என்று சொல்கிற கார், பைக் தர்ட் பார்ட்டி பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது. கட்டாயமான ஒன்றுக்கு வரியும் வாங்குவது எந்த நியாயத்தில் சேரும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டாவது, 2021இல் உயர் நீதிமன்றம் சட்டமியற்றுகிறவர்களின் பொறுப்பில் விட்ட அந்தக் காரியம்: காரில் உடன் வருகிறவரையும் பைக்கில் பின்னால் இருப்பவரையும் குறைந்தபட்ச பாலிசிக்குள்ளேயே கொண்டுவருவது. கட்டணம் சற்று ஏறலாம். வரியை எடுத்தால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டலாம். இந்த இரண்டையும் கேட்டு உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு தபால் எழுதுங்கள். உங்கள் தெருவில் இந்த ஆண்டு லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.